கூட்டணி அரசுகள் பற்றிய அரசறிவியல் ஆய்வு

கூட்டணி அரசு என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கட்சிகள் சேர்ந்து அமைச்சரவை அமைத்து, சட்டமன்றத்தின் அல்லது நாடாளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்று நடத்தும் ஆட்சி ஆகும். எந்தக் கட்சி எந்தக் கட்சியுடன் சேர்கின்றது, அமைச்சுகள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன, ஆட்சி ஏன் கவிழ்கின்றது ஆகிய கேள்விகளை ஆராயும் துறை அரசறிவியலின் ஒரு தனிக் கிளையாக 1960களில் உருப்பெற்றது. இத்துறையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று கணிதமும் புள்ளிவிபரமும் சார்ந்தது. மற்றது அரசியல்வாதிகளை நேரில் கண்டு, கேட்டு, அவர்களோடு திரிந்து செய்யும் கள ஆய்வு. முதல் வழியைப் பற்றியே பாடநூல்கள் அதிகம் பேசுகின்றன. ஆனால் முதல் வழி விடை காணாது விட்ட இடங்கள் பலவற்றை இரண்டாவது வழியே விளக்கியுள்ளது. இக்கட்டுரை இரண்டையும் விளக்குகின்றது.

வகைகள்

தேர்தலுக்கு முன்பே தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு போட்டியிடுவது தேர்தலுக்கு முந்திய கூட்டணி எனப்படும். மலேசியாவில் அம்னோ, மலேசிய சீனர் சங்கம், மலேசிய இந்தியக் காங்கிரஸ் ஆகியவை இணைந்த கூட்டணியும், 1973 இல் அதன் இடத்திற்கு வந்த பாரிசான் நேசனலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். விடுதலை பெற்ற 1957 முதல் 2018 தேர்தல் வரை அந்நாட்டை இவையே ஆண்டன. கேரளத்தின் இடது சனநாயக முன்னணியும் ஐக்கிய சனநாயக முன்னணியும் இவ்வகையைச் சேர்ந்தவை. மாறாக, நெதர்லாந்து, பெல்ஜியம் போன்ற நாடுகளில் கட்சிகள் தனித்தனியே போட்டியிட்டு, முடிவு வந்த பின்னரே பேச்சுவார்த்தைக்கு அமர்கின்றன. 2010 தேர்தலுக்குப் பின் பெல்ஜியத்தில் புதிய அரசு அமைய 541 நாட்கள் ஆயின.

எல்லாக் கூட்டணிகளுக்கும் பெரும்பான்மை இருப்பதில்லை. பாதிக்கும் குறைவான இடங்களைக் கொண்ட சிறுபான்மை அரசுகள் டென்மார்க்கிலும் நோர்வேயிலும் வழக்கமானவை. அமைச்சரவையில் சேராமல் வாக்கெடுப்பில் மட்டும் கைகொடுக்கும் முறை இந்தியாவில் "வெளியிலிருந்து ஆதரவு" எனப்படுகின்றது. 1989 இல் வி. பி. சிங் அரசுக்குப் பாரதிய சனதாக் கட்சியும் இடதுசாரிகளும் ஒரே நேரத்தில் இவ்வாறு ஆதரவு அளித்தன. 2004 முதல் சூலை 2008 வரை மன்மோகன் சிங் அரசுக்கு இடதுசாரிகள் அளித்ததும் இவ்வகை ஆதரவே.

எண்ணிக்கைக் கோட்பாடுகள்

அமெரிக்க அரசறிவியலாளர் வில்லியம் ரைக்கர் 1962 இல் வெளியிட்ட அரசியல் கூட்டணிகளின் கோட்பாடு என்னும் நூல் இத்துறையின் தொடக்கப் புள்ளி எனலாம். நாய்மானும் மார்கன்ஸ்டெர்னும் 1944 இல் முன்வைத்த ஆட்டக் கோட்பாட்டை அவர் அரசியலுக்குப் பொருத்தினார். அவர் வாதம் எளியது. பதவி என்பது பங்கிட வேண்டிய ஒரு பொருள். வெற்றிக்குத் தேவையானதை விடக் கூடுதலாக ஒருவரைச் சேர்த்தால் எல்லோருடைய பங்கும் குறையும். ஆகவே கட்சிகள் வெற்றிக்குப் போதுமான அளவுக்கு மட்டுமே கூட்டணி அமைக்கும். இது அளவுக் கொள்கை எனப்படுகின்றது. ஒரு கட்சி விலகினாலும் பெரும்பான்மை போய்விடும் என்ற நிலையில் உள்ள கூட்டணி குறைந்தபட்ச வெற்றிக் கூட்டணி ஆகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பத்துக் கட்சிகள் உள்ள அவையில் அமையக்கூடிய சேர்க்கைகள் 1023. அவற்றில் குறைந்தபட்ச வெற்றிக் கூட்டணி என்ற நிபந்தனைக்கு உட்படுபவை மட்டுமே கூடப் பல இருக்கும். கணினியில் சில வரி நிரல் எழுதினால் அவை அனைத்தையும் பட்டியலிட்டுவிடலாம். எது அமையும் என்பதை மட்டும் அந்த நிரல் சொல்லாது. ராபர்ட் ஆக்செல்ராட் 1970 இல் கொள்கை நெருக்கத்தை இதில் சேர்த்தார். இடது முதல் வலது வரையிலான ஒரு கோட்டில் கட்சிகளை நிறுத்தினால், அடுத்தடுத்து நிற்கும் கட்சிகளே சேரும் என்பது அவர் கருத்து. இத்தாலியின் கூட்டணிகளை இது ரைக்கரின் கோட்பாட்டை விட நன்றாக விளக்கியது.

அடுத்த அடி சிறுபான்மை அரசுகளிடமிருந்து விழுந்தது. ரைக்கரின் கணக்குப்படி அவை இருக்கவே கூடாது. ஆனால் கோரே ஸ்ட்ரோம் 1990 இல் வெளியிட்ட நூலில், போருக்குப் பிந்திய சனநாயக நாடுகளில் அமைந்த அரசுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறுபான்மை அரசுகள் என்று காட்டினார். பதவி மட்டுமே கட்சிகளின் நோக்கம் அல்ல என்பது அவர் விளக்கம். எதிர்க்கட்சியாக இருந்தே குழுக்கள் வழியாகச் சட்டங்களை மாற்ற முடியுமானால், ஆட்சிப் பழியைச் சுமந்து அடுத்த தேர்தலில் தோற்பானேன் என்று ஒரு கட்சி நினைப்பதில் தவறில்லை.

பேரம்பேசும் வலுவும் அமைச்சுப் பங்கீடும்

நூறு உறுப்பினர் கொண்ட அவையில் மூன்று கட்சிகளுக்கு 49, 49, 2 என்று இடங்கள் இருப்பதாகக் கொள்வோம். எந்த இரண்டு கட்சிகள் சேர்ந்தாலும் பெரும்பான்மை. ஆகவே இரண்டே உறுப்பினர் உள்ள கட்சிக்கும் மற்றவற்றிற்கும் பேரம்பேசும் வலு சமமே. இதை அளக்கும் சுட்டெண்களில் ஷேப்லியும் ஷூபிக்கும் 1954 இல் தந்ததும், பான்சாஃப் 1965 இல் தந்ததும் புகழ்பெற்றவை.

இதே கணக்கை 2024 மக்களவை முடிவுக்குப் போட்டுப் பார்க்கலாம். தேசிய சனநாயகக் கூட்டணிக்கு 293 இடங்கள், பெரும்பான்மைக்குத் தேவை 272. பாரதிய சனதாக் கட்சிக்கு 240, தெலுங்கு தேசத்திற்கு 16, ஐக்கிய சனதா தளத்திற்கு 12. தெலுங்கு தேசம் மட்டும் விலகினால் எஞ்சுவது 277. ஐக்கிய சனதா தளம் மட்டும் விலகினால் 281. இரண்டும் சேர்ந்து விலகினால்தான் 265 ஆகப் பெரும்பான்மை போகும். தேர்தல் முடிவு வந்த வாரத்தில் இவ்விரு தலைவர்களில் எவரும் தனியே ஆட்சியைக் கவிழ்க்கலாம் என்று பரவலாகப் பேசப்பட்டது. கழித்தல் கணக்கு அதை ஏற்கவில்லை.

வலு இவ்வாறு கணக்கிடப்பட்டாலும், அமைச்சுகள் அந்த வலுவின்படி பங்கிடப்படுவதில்லை என்பது இத்துறையின் பெரிய வியப்பு. ஒவ்வொரு கட்சியும் கூட்டணிக்குத் தான் கொண்டுவரும் இடங்களின் விகிதத்தில் பங்கை எதிர்பார்க்கும் என்று சமூகவியலாளர் வில்லியம் கேம்சன் 1961 இல் கூறினார். பிரௌனும் ஃபிராங்கிளினும் 1973 இல் ஐரோப்பியத் தரவுகளைக் கொண்டு சோதித்தபோது, சிறு கட்சிகளுக்குச் சற்றே கூடுதல் கிடைப்பதைத் தவிர, விகிதம் மிக நெருக்கமாகப் பொருந்தியது. சமூக அறிவியலில் இத்தனை நேரான கோடு அரிது. ஆட்சி அமைக்க அழைக்கப்படும் கட்சிக்கே கூடுதல் இலாபம் கிடைக்க வேண்டும் என்று பின்னர் வந்த பேர மாதிரிகள் கூறின. தரவுகள் அதற்கு உடன்படவில்லை. இந்த முரண் இன்னும் விவாதிக்கப்படுகின்றது.

வட அயர்லாந்தில் பேரத்திற்கே இடமில்லாதவாறு இது சட்டமாக்கப்பட்டுள்ளது. 1998 உடன்படிக்கைக்குப் பின் நீதித் துறை நீங்கலான அமைச்சுகள் டோண்ட் முறையில் ஒதுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்சியின் இடங்களையும் அது ஏற்கனவே எடுத்த அமைச்சுகளோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, பெரிய ஈவு வரும் கட்சி அடுத்த துறையைத் தேர்ந்தெடுக்கும்.

விகித விதி பொருந்தாத இடங்கள்

இலங்கையில் 1965 இல் அமைந்த டட்லி சேனநாயக்காவின் தேசிய அரசு ஆராயத்தக்கது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66 இடங்களே கிடைத்திருந்தன. 14 இடங்கள் பெற்ற தமிழரசுக் கட்சி ஆதரவளித்தது. விகித விதிப்படி அக்கட்சி ஒன்றுக்கு மேற்பட்ட அமைச்சுகளைக் கேட்டிருக்கலாம். கிடைத்ததோ ஒன்று. அதுவும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவருக்கும் அன்றி, செனட் சபை வழியாக வந்த மு. திருச்செல்வத்திற்கு உள்ளூராட்சித் துறை வழங்கப்பட்டது. அக்கட்சி பெற விரும்பிய விலை அமைச்சுகளில் இல்லை. டட்லி-செல்வநாயகம் உடன்படிக்கையில் இருந்தது. மாவட்ட சபைகள், தமிழ் மொழிப் பயன்பாடு, குடியேற்றத் திட்டங்களில் முன்னுரிமை ஆகியவை பற்றிய வாக்குறுதிகள் அவை. மாவட்ட சபைச் சட்ட வரைவு கைவிடப்பட்டது. 1968 இல் தமிழரசுக் கட்சி அரசிலிருந்து விலகியது. அமைச்சுகளை எண்ணும் ஆய்வாளரின் அட்டவணையில் இக்கூட்டணி "ஒன்று" என்ற இலக்கமாக மட்டுமே பதிவாகும். அங்கே எது கொடுக்கல் வாங்கலுக்கு உள்ளானது என்பது அந்த இலக்கத்தில் தெரியாது.

தமிழ்நாட்டில் 2006 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்திற்கு 234 இல் 96 இடங்களே கிடைத்தன. 34 இடங்கள் பெற்ற காங்கிரசு இல்லாமல் ஆட்சி நடவாது. எனினும் காங்கிரசு அமைச்சரவையில் சேரவில்லை. 2011 வரை ஒரு கட்சி அமைச்சரவையே நீடித்தது. மாநில அவையை மட்டும் பார்த்தால் இது புதிர். அதே காலத்தில் தில்லியில் 16 மக்களவை உறுப்பினர்களோடு தி.மு.க. நடுவண் அமைச்சரவையில் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் புதிர் பெரும்பாலும் அவிழ்ந்துவிடுகின்றது. பேரம் இரண்டு தளங்களில் நடந்தது. ஐரோப்பாவை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட கோட்பாடுகளில் இவ்வகை ஈரடுக்குப் பேரத்திற்கு இடம் குறைவு.

கூட்டணியின் ஆயுள்

1990 இல் கிங், ஆல்ட், பர்ன்ஸ், லேவர் ஆகியோர் அமைச்சரவைகளின் ஆயுளை ஆராய ஆயுட்காலப் பகுப்பாய்வைப் பயன்படுத்தினர். மின்விளக்கு எத்தனை மணி நேரம் எரியும், இயந்திர உறுப்பு எப்போது பழுதாகும் என்று பொறியியலாளர் கணிக்கும் அதே முறை. கூட்டணியின் இயல்புகள் அதன் உறுதியைத் தீர்மானிக்கின்றன. எதிர்பாராத நிகழ்வுகள் அதைத் தாக்குகின்றன.

சட்ட விதிகளும் ஆயுளை மாற்றும். செர்மனியில் மாற்றுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே இருக்கும் அரசத் தலைவரை நாடாளுமன்றம் நீக்க முடியும். 1982 அக்டோபர் 1 அன்று சுமித்துக்குப் பதில் கோல் அவ்வாறே வந்தார். இந்தியாவில் அத்தகைய விதி இல்லை. 1999 ஏப்ரல் 17 அன்று அ.இ.அ.தி.மு.க. ஆதரவை விலக்கிய பின் வாச்பாய் அரசு 269க்கு 270 என ஒரே வாக்கில் தோற்றது. மாற்று அரசும் அமையவில்லை. நாடு தேர்தலைச் சந்தித்தது. 1985 இன் கட்சித் தாவல் தடைச் சட்டமும், அமைச்சர் எண்ணிக்கையை அவையின் 15 விழுக்காட்டிற்குள் கட்டுப்படுத்திய 2003 இன் 91ஆம் திருத்தமும் பேரத்தின் விதிகளையே மாற்றின. எல்லோருக்கும் ஒரு துறை என்ற பழைய தீர்வு அதன்பின் இயலாததாகிவிட்டது.

தரவுகள் எங்கிருந்து வருகின்றன

கட்சிகளின் கொள்கை நிலையை அறிய மூன்று வழிகள் பெருவழக்கு. 1979 இல் தொடங்கிய தேர்தல் அறிக்கை ஆய்வுக் குழு, அறிக்கைகளை வாக்கியத் துண்டுகளாகப் பிரித்து 56 வகைகளில் எண்ணுகின்றது. லேவரும் ஹன்ட்டும் 1992 இல் செய்ததுபோல், ஒவ்வொரு நாட்டு வல்லுநர்களிடம் கட்சிகளுக்கு மதிப்பெண் இடச் சொல்வது இரண்டாவது. மூன்றாவது வாக்காளர் கருத்தாய்வு. இந்தியாவில் தில்லியில் உள்ள வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் 1967 இல் முதல் தேசியத் தேர்தல் ஆய்வுகளுள் ஒன்றை நடத்தியது. 1990களின் நடுவிலிருந்து அதைத் தொடர்ச்சியாக நடத்தி வருகின்றது.

இவை மூன்றிலும் ஒரு பொதுக் குறை உண்டு. பேச்சுவார்த்தை மூடிய அறையில் நடக்கின்றது. அறிக்கையில் அச்சிட்டதும் அறையில் பேசியதும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

கள ஆய்வு முறைகள்

ரிச்சர்ட் ஃபென்னோ 1970 முதல் 1977 வரை அமெரிக்கக் கீழவை உறுப்பினர் 18 பேரோடு அவர்களின் தொகுதிகளில் சுற்றினார். அதன் விளைவான நூல் 1978 இல் வெளிவந்தது. தம் முறையை "ஊறிக் கிடந்து துழாவுதல்" என்ற பொருளில் அவர் விளக்கினார். கேள்விப் பட்டியலோடு செல்லாமல், வண்டியில் உடன் அமர்ந்து, கூட்டங்களில் பின்வரிசையில் நின்று, உறுப்பினர் தம் தொகுதியை எவ்வாறு பார்க்கின்றார் என்பதைக் கண்டறிவது இதன் சாரம். கூட்டணி ஆய்வு அல்ல இது. ஆயினும் கூட்டணிகளைக் களத்தில் ஆராய்வோர் அனைவரும் இம்முறைக்குக் கடன்பட்டவர்களே.

உயர்மட்ட நேர்காணல் குறித்து லூயிஸ் டெக்ஸ்டர் 1970 இல் எழுதிய நூல் இன்னொரு வழிகாட்டி. பொதுமக்களிடம் ஒரே கேள்வியை ஒரே சொற்களில் கேட்க வேண்டும். அமைச்சரிடம் அது செல்லாது. எது முக்கியம் என்பதை அவரே வரையறுக்க விட வேண்டும்.

இந்தியக் கூட்டணிகளைப் பொறுத்தவரை பால் பிராஸ் செய்த பணி தனித்து நிற்கின்றது. 1960களின் தொடக்கத்தில் அவர் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா, அலிகார், தேவரியா, மீரட், கான்பூர் ஆகிய ஐந்து இடங்களில் காங்கிரசின் உட்குழுக்களை ஆராய்ந்தார். 1965 இல் அது நூலாயிற்று. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்த உட்குழுப் பூசல் ஆட்சியைக் கவிழ்த்தது. 1967 தேர்தலுக்குப் பின் சந்திர பானு குப்தா அமைத்த அரசு மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. சரண் சிங் தம் ஆதரவாளர்களுடன் காங்கிரசை விட்டு வெளியேறி, ஏப்ரல் 1967 இல் பல கட்சிக் கூட்டணியின் முதலமைச்சரானார். அக்கூட்டணியில் சனசங்கமும் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியும் ஒன்றாக இருந்தன. பீகாரிலும் அவ்வாறே. ஆக்செல்ராட் சொன்ன கோட்டில் இவ்விரண்டும் எதிரெதிர் முனைகள். 1968 இல் அமெரிக்க அரசறிவியல் இதழில் வட இந்தியக் கூட்டணி அரசியல் பற்றி பிராஸ் எழுதிய கட்டுரை, இங்கே கொள்கைத் தூரம் சேர்க்கைக்குத் தடையாக இல்லை என்பதைக் காட்டியது. ஊர் ஊராகச் சென்று எந்தத் தலைவர் எவரோடு ஏன் பகை என்று கேட்டு வைத்திருந்தவருக்கு, 1967 இல் நடந்தது அவ்வளவு திகைப்பாக இருந்திருக்காது.

பிராசின் கதை அங்கே முடியவில்லை. பின்னாளில் சரண் சிங்கின் தனிப்பட்ட கோப்புகள் அவர் பார்வைக்குக் கிடைத்தன. பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த நேர்காணல் குறிப்புகளையும் அக்கோப்புகளையும் ஒப்பிட்டு, 2011 முதல் வட இந்திய அரசியல் பற்றிய நூல்தொகுதியை வெளியிட்டார். ஒரு கேள்விக்கு விடை முழுமையாகக் கிடைக்க ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது.

நேர்காணலின் நம்பகத்தன்மை

கூட்டணி பற்றிய நேர்காணல்களில் பொய்யை விட நினைவே பெரிய சிக்கல். ஆட்சி கவிழ்ந்த பின் எல்லோரும் அது கவிழும் என்று முன்பே அறிந்தவர்களாகப் பேசுகின்றனர். ஆகவே "ஏன் விலகினீர்கள்" என்று தொடங்குவதை விட, "அன்று காலை யாரைச் சந்தித்தீர்கள், அடுத்து எங்கே போனீர்கள்" என்று நாள்வரிசையில் கேட்பது பயன் தரும். காரணம் காலப்போக்கில் மெருகேறும். போன இடமும் சந்தித்த ஆளும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அன்றைய நாளிதழோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் முடியும். தலைவரை விட அவருடைய உதவியாளர், இரண்டாம் நிலைச் செயலாளர், பதவி இழந்தவர் ஆகியோர் கூடுதலாகச் சொல்வதும் பரவலாக அறியப்பட்ட அனுபவம்.

2010 மே மாதம் பிரித்தானியாவில் ஐந்து நாட்களில் அமைந்த கூட்டணி இதற்குச் சிறந்த சோதனைக்களம். பழமைவாதிகளுக்கு 306, தொழிற்கட்சிக்கு 258, தாராண்மைச் சனநாயகவாதிகளுக்கு 57 இடங்கள். தாராண்மைவாதிகளின் பேச்சுக்குழுவில் இருந்த டேவிட் லாசும், தொழிற்கட்சிக் குழுவில் இருந்த ஆண்ட்ரூ அடோனிசும் தனித்தனியே நூல் எழுதினர். ஒரே அறை, ஒரே மேசை. தொழிற்கட்சி மனம் வைக்கவில்லை என்கின்றார் லாசு. நிக் கிளெக் முன்பே பழமைவாதிகள் பக்கம் சாய்ந்துவிட்டார் என்கின்றார் அடோனிசு. இருவர் கூற்றையும் கேட்கும் ஆய்வாளர் ஓர் எண்ணையும் மறக்கக்கூடாது: 258உம் 57உம் சேர்ந்தால் 315 மட்டுமே. 650 பேர் கொண்ட அவையில் அது பெரும்பான்மை அல்ல. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் அரசியலமைப்புப் பிரிவைச் சேர்ந்த ராபர்ட் ஹேசலும் பென் யாங்கும் அரசு நடந்துகொண்டிருந்தபோதே அமைச்சர்களையும் அதிகாரிகளையும் நேர்கண்டு 2012 இல் நூல் வெளியிட்டனர். நினைவு மெருகேறுவதற்கு முன் கேட்டது அதன் பலம்.

வாக்குறுதியும் சட்டமும்

பெயர் வெளியிடமாட்டேன் என்ற உறுதிமொழி இன்றி இவ்வகை ஆய்வு நடவாது. அந்த உறுதிமொழி எவ்வளவு தூரம் செல்லும் என்பது கசப்பான முறையில் தெரியவந்தது. 2001 இல் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்ட முன்னாள் ஆயுதக்குழுவினரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யத் தொடங்கியது. பேசியவர் இறக்கும்வரை பதிவுகள் வெளிவரா என்பது அவர்களுக்கு அளிக்கப்பட்ட உறுதி. 2011 இல் பிரித்தானிய அதிகாரிகளின் வேண்டுகோளின்படி அமெரிக்காவில் நீதிமன்ற அழைப்பாணை பிறப்பிக்கப்பட்டது. வழக்குகளுக்குப் பின் 2013 இல் சில பதிவுகள் வட அயர்லாந்துக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டன. மருத்துவருக்கோ வழக்கறிஞருக்கோ உள்ள பாதுகாப்பு ஆய்வாளருக்குச் சட்டத்தில் இல்லை.

இதன்பின் பல ஆய்வாளர்கள் நடைமுறையை மாற்றிக்கொண்டனர். சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே இரகசியம் காக்கப்படும் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதுவது, பெயரையும் குறிப்பையும் வெவ்வேறு கோப்புகளில் வைப்பது, ஒலிப்பதிவைத் தவிர்த்து அன்றிரவே கையால் குறிப்பெழுதுவது ஆகியவை அவற்றுட் சில. கோப்பை மறைக்குறியாக்கம் செய்தால் போதும் என்று மென்பொருள் துறையினர் நினைப்பதுண்டு. அழைப்பாணை கடவுச்சொல்லையும் கேட்கும். அதேவேளை, தரவுகளை மற்றவர் சரிபார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று ஆய்விதழ்கள் கேட்கின்றன. தேர்தல் முடிவுகளின் அட்டவணையை வெளியிடுவதில் எவருக்கும் தீங்கில்லை. ஆட்சியிலுள்ள கூட்டணியின் உட்பூசலை நம்பிச் சொன்ன ஒரு கட்சிச் செயலாளரின் குறிப்பை வெளியிட்டால், பெயரை நீக்கினாலும், அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கு அவர் யார் என்று உடனே தெரிந்துவிடும்.